கரியரில் கொளுவிய பை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பை தொங்குகிறது. அதன் முதுகுப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள் உண்டு. சைக்கிள் கரியரில் கொளுவினால் அது பக்கப் பை. கொக்கிகளை மடித்துவிட்டுச் சிப்பை இழுத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் தோள்பட்டிகள் வெளியே வரும், முதுகில் போடலாம். இதே மாதிரிக் கறுப்பு நிறத்தில் இன்னொன்று இருந்தது. அது என்னோடு வேலை செய்த நானாவுடையது. அந்தப் பையை அவருக்குத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அது இல்லாமல் போனதற்குக் காரணமும் நான்தான். பையோடு சேர்ந்து அந்த மனிதரும் எனக்கு இல்லாமல் போய்விடுவாரோ என்று அந்த வருடம் முழுக்கப் பயந்துகொண்டு திரிந்தேன்.

நானா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்றார். இரண்டு பேரும் புத்தளத்தில் ஒரு தனியார் உப்புக் கம்பனியில் ஒரே வேலை பார்த்தோம். காலையில் அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு, தண்ணீரில் உப்பு எத்தனை பாகை ஏறியிருக்கிறது என்று பார்த்து, போத்தலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். பிறகு மேல்மாடியில் இருந்து எழுத்து வேலை. வெயிலும் உப்பும் சேர்ந்து ஆளைக் கருவாடாக்கும் வேலைதான், ஆனால் மாதம் தவறாமல் சம்பளம் வந்தது.

நான் கற்பிட்டி வீதியில் எங்கள் கத்தோலிக்க வேதக்காரச் சனம் குடியிருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து வருவேன். அவர் பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் இருந்தார். சந்தியில் ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எனக்காக நிற்பார். நான் பிந்தினால், "தம்பிக்கு இண்டைக்கு ரெண்டு தரம் விடிஞ்சதோ?" என்பார். அங்கிருந்து இரண்டு சைக்கிளும் பக்கத்துப் பக்கமாகப் போகும்.

வீதியில் சைக்கிள் ஓடும், உப்பள வரம்பில் ஓடாது. வரம்பு ஒரு பாதம் வைக்கத்தான் காணும். நண்டுப் பொந்து, வழுக்கல், ஒரு கையில் ஊன்றுதடி, மற்றக் கையில் மீட்டர். நான் அதுவரை உரப்பையில் தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது ஆடி ஆடி இரண்டு தரம் என்னைப் பாத்திக்குள் இறக்கியது. நானா ஒரு பழைய பயணப் பையைச் சைக்கிள் டியூப்பால் கரியரில் இறுக்கிக் கட்டுவார். அதை அவிழ்த்து முடிக்கிறதுக்குள் வெயில் ஏறிவிடும். கரியரிலும் நிற்க வேண்டும், முதுகிலும் நிற்க வேண்டும், அப்படி ஒரு பை இருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு வருடமாகக் கதைத்துக்கொண்டு திரிந்தோம். பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கதைத்திருக்க மாட்டார்கள்.

சிலாபத்தில் ஒரு பெண் அப்படிப்பட்ட சாமான் விற்கிறா என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கரையில் வீட்டுக்கு ஒருத்தர் இத்தாலியில். அவர்கள் அங்கே பாவித்துக் கழித்த சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஒரு பௌர்ணமி போயா விடுமுறையில் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கடை என்றால் வீட்டு முன்னறைதான். சப்பாத்து, குளிர்ச்சட்டை, பிள்ளைகளின் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் அடியில் பைகள் கிடந்தன. அந்த அக்கா பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக, "பாருங்கோ, பாருங்கோ, பார்க்கிறதுக்குச் சல்லி இல்லை" என்று கதிரையில் சாய்ந்துகொண்டா.

கொளுவவும் போடவும் கூடிய பைகள் இரண்டு விதம் இருந்தன. ஒன்று, வாயை மூன்று நான்கு மடிப்பாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் வார் இழுத்துப் பூட்டுகிறது. தண்ணீரே போகாது. மற்றது, மேலிருந்து கீழ்வரை ஒரே சிப். ஒரு இழுவையில் மீன் வயிற்றைப் பிளந்த மாதிரி முழுதாகத் திறக்கும். நானா முதலாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் இரண்டாவதைக் கையில் பிடித்தேன்.

"தம்பி, அது வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. ஆரும் ஒரு இழுவையில திறந்திடுவான்."

"அதுக்குத்தான் நானா. கேட்ட உடன திறந்து காட்டலாம்."

"இப்ப ஆர் கேக்கிறாங்க? சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்?"

"ஒருத்தரும் கேக்கேல்லத்தான்."

அப்படிச் சொன்னேனே தவிர, என் கை அந்தச் சிப்பை விடவில்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொன்ன மனிதர் ஒரு சோதனைச்சாவடியையும் தாண்டியிருக்க மாட்டார். நான் தாண்டியிருக்கிறேன். யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து குடும்பமாக இடம்பெயர்ந்து, மன்னார்ப் பக்கம் அலைந்து, கடைசியில் இந்தக் கரையில் வந்து ஒதுங்கும்வரை எத்தனை மேசைகளில் என் பையைக் கொட்டினார்களோ தெரியாது. அதில் இரண்டு விஷயம் படித்தோம். ஒன்று, அவன் கேட்கமுதல் நீயே திறந்துவிடு. மற்றது, பக்கத்தில் ஒரு பை ஆளில்லாமல் கிடந்தால், யோசிக்கமுதல் "என்ர இல்லை" என்று சொல்லிவிடு. அந்தச் சொல்லைப் பிந்திச் சொன்ன ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்ததாகப் பழகிய சொல் அதுதான்.

நானா வாரைப் பூட்டியும் கழற்றியும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"எங்கள வெளிக்கிடச் சொல்லேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு. ரெண்டு மணித்தியாலம் தந்தவங்க. உம்மா ஒரேயொரு பாக்தான் எடுத்தா. ரோட்டில மறிச்ச பெடியள் அதையும் திறந்து, வேண்டியத எடுத்துப்போட்டுத்தான் விட்டாங்க. உம்மா மௌத்தாகிறவரைக்கும், அவங்க எடுத்தத விட, கேக்காமத் திறந்ததத்தான் சொல்லிக்கொண்டிருந்தா. திறக்கிறதெண்டா என்னட்டக் கேட்டுத் திறக்கோணும் தம்பி."

அவர் யாழ்ப்பாணம் சோனகத்தெரு ஆள். எங்கள் குருநகர் வீட்டிலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம்தான். அவர்களுடைய சனம் முழுவதையும் இயக்கத்துத் தமிழ்ப் பெடியள் ஊரை விட்டுத் துரத்திய அன்று எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் சின்னப் பிள்ளையாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் 'உங்கட பெடியள்' என்று சொல்லவில்லை. 'பெடியள்' என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை விட்டதற்காகவே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் இருந்தது.

அவ்வளவையும் கேட்ட பிறகும் நான் விடவில்லை. என் புத்தி அப்படி. வார்ப் பூட்டில் உப்புப் பிடித்தால் இறுகிவிடும், வரம்பில் நின்று ஒரு கையால் திறக்க முடியாது, மீட்டர் உடையும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு என் பயம்தான் பெரிதாக இருந்தது, அதை நியாயமாக உடுத்திக் காட்டினேன். கடைசியில் அவர் சிரித்து, "சரி, தம்பிட கலியாணம், தம்பிதான் பொண்ணப் பாக்கோணும்" என்று கையிலிருந்ததைக் கீழே வைத்தார். சிப் வைத்த பையில் சாம்பல் ஒன்றும் கறுப்பு ஒன்றும் எடுத்தோம்.

பை நல்ல பை. ஒரு வருடத்துக்குக் கிட்ட அதோடு சுகமாகத் திரிந்தோம். உப்பளத்து வாசலில் கொக்கியைத் தட்டினால் கழன்று வரும், பட்டியை இழுத்து முதுகில் போட்டால் இரண்டு கையும் சும்மா. "இத்தாலிக்காரன் எங்கட வரம்பப் பாத்துத்தான் தைச்சிருக்கிறான்" என்று நானா சொல்வார்.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து காலைச் சாப்பாட்டுக்குப் பாணை வெட்டிக்கொண்டிருந்தபோது, வேதக் கோயில்களில் குண்டு வெடித்ததென்று தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நீர்கொழும்புப் பக்கம் என் மனைவியின் சித்தி மகள் பூசைக்குப் போயிருந்தாள். செத்தவீட்டில் பெட்டியைத் திறக்கவில்லை. சித்தி மூடிய பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "முகத்தை மட்டுமெண்டாலும் காட்டுங்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

தொலைக்காட்சியில், முதுகில் பை போட்ட ஒருவன் கோயிலுக்குள் நடந்து போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வெடிக்க வைத்தவர்கள் முஸ்லிம் ஆட்கள் என்று பெயர்களையும் வாசித்தார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய என் பையைப் பார்த்தாள். "அத இனி முதுகில போடாதீங்கோ" என்றாள். நான் போடவில்லை.

அலுவலகம் திரும்பத் திறந்தபோது வாசலில் புதிதாக ஒரு காவல்காரன் நின்றான். இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆள், தமிழ் தெரியாது. முதுகில் பை போட்டுக்கொண்டு ஒருத்தரும் வளவுக்குள் வரக்கூடாதென்று கட்டளை. அன்று காலை நானா வேப்பமரத்தடியில் நின்றார். என்னைக் கண்டதும் சைக்கிளிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்தார். "தங்கச்சிட விஷயம் கேள்விப்பட்டன் தம்பி. என்ன சொல்றதெண்டு தெரியல்ல" என்றார். நான் "ஓம் நானா" என்றேன். வழி முழுக்க வேறு கதை இல்லை. அவர் பேசாமல் வந்தது துக்கத்திலா, வேறெதிலாவதா என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் யோசித்தேன்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அவர் பள்ளிக்குப் போவது வழக்கம். நான் சைக்கிள் கொட்டிலில் மீட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றபோது வந்தார். "பள்ளிக்கும் இப்ப பாக் கொண்டுவர வேணாம் எண்டு சொல்லிட்டாங்க. உங்கட கரியரில கொளுவி விடுறன் தம்பி" என்றார். "ஓம் நானா, விடுங்கோ" என்றேன். என் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பையைக் கழற்றி என் கரியரில் கொளுவிவிட்டுத் தன் சைக்கிளில் போனார். நான் என் பையை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே காவல்காரன் கத்தினான். யன்னலால் பார்த்தேன். அவன் கொட்டிலிலிருந்து பத்தடி தள்ளி நின்று என் சைக்கிளைக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் இறங்கி ஓடினோம். இந்தச் சைக்கிள் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். என்னுடையது என்றேன்.

"அந்தப் பை?"

"என்னுடையது இல்லை."

இதுவரைக்கும் பொய் இல்லை. அவன் கேள்வியை முடிக்கமுதலே என் வாய் அதைச் சொல்லி முடித்திருந்தது. அவன் அடுத்ததாகக் கேட்டான்.

"அப்ப யாருடையது?"

இதற்கு எனக்கு நேரம் இருந்தது. மூச்சு எடுத்து விடுகிற அளவு நேரம். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு மனப்பாடம். ஐந்து போத்தல் உப்புத் தண்ணீர், மீட்டர், பதிவுக் கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு துவாய். இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு மூடிய பெட்டிதான் தெரிந்தது. பயந்தேனா, சந்தேகப்பட்டேனா என்று பிறகு பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டும்தான். சிங்களத்தில் தெளிவாக, "தெரியாது" என்றேன்.

பொலிசும் ஆமியும் வந்தார்கள். எங்களை வீதிக்கு மற்றப் பக்கம் தள்ளினார்கள். தேங்காய் பறிக்கிற கொக்கத்தடி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, ஒரு சிப்பாய் தூர நின்று பையை இழுத்தான். இலகுவாகக் கழர வேண்டுமென்று தைத்த கொக்கிதானே, ஒரே இழுவையில் வந்துவிட்டது. விழுந்த இடத்தில் கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டது. பைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. அதைக் கண்டு சனம் குழறிக்கொண்டு பின்னால் ஓடியது. அது உப்புத் தண்ணீர் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நானும் பின்னால் ஓடினேன்.

அப்போதுதான் நானா தொப்பியோடு சைக்கிளில் வந்தார். ஆமியைக் கண்டார், நிலத்தில் கிடந்த பையைக் கண்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு, "அது என்ர பாக், என்ர பாக்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நடந்து வந்தார். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார். அந்த மனிதருக்கு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிஷமும் தேவைப்படவில்லை. இருவர் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து முழங்காலில் இருத்தினார்கள். ஒருத்தன் பையின் சிப்பைத் தொடாமல், கத்தியால் மேலிருந்து கீழ்வரை கிழித்தான். கேட்டுத் திறக்கவில்லை.

நானா தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள் தேடினார். என்னைக் கண்டுபிடித்தார். 'அந்தத் தம்பியக் கேளுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவரும் எழும்பியிருப்பார், நானும் மனிதனாகியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். வேதத்தில், சீடன் தன் குருவைத் தெரியாதென்று சொன்ன இடத்தில் ஒரு சேவல் கூவும். புத்தளத்தில் மத்தியானம் ஒரு சேவலும் கூவவில்லை.

அவரை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். மனேஜர் போய்ப் போத்தல் தண்ணீருக்கும் கண்ணாடித் துண்டுக்கும் விளக்கம் சொல்லித்தான் எடுத்தார். வந்து என்னிடம் கேட்டார்: "உன்னிடமும் இதே பைதானே, பார்த்தவுடனே தெரியவில்லையா?" கறுப்புப் பை எல்லாம் ஒரே மாதிரித்தான் சேர், என்றேன். பொய் ஒன்று என்றால் அதுக்குக் குட்டி பத்து.

நானா ஒரு கிழமை கழித்து வேலைக்கு வந்தார். இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. காலையில் வேப்பமரத்தடி வெறுமையாக இருந்தது. அலுவலகத்துக்குப் போனால் அவருடைய சைக்கிள் முந்தியே கொட்டிலில் நின்றது. அவர் வெள்ளைச் சொப்பிங் பேக் ஒன்றில் சாமான்களைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் இருந்த ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. என்னைக் கண்டு, "தம்பி, கிழக்குப் பாத்தி இண்டைக்கு நீங்க பாக்கிறீங்களோ, நான் பாக்கவோ?" என்று கேட்டார். குரலில் ஒரு கோபமும் இல்லை. மூன்று மாதம் இப்படியே போனது. வேலைக் கதை மட்டும். நான் சொன்னது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே எனக்கு இராப்பகல் சாப்பாடாயிற்று. தெரியாவிட்டால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் நான் இருந்தும் என்ன?

வரம்பில் அவர் அந்தச் சொப்பிங் பேக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்ததை ஒருநாள் தூர நின்று பார்த்தேன். ஒரு கையில் தடி, மற்றக் கையில் மீட்டர், வேறென்ன செய்வார்? அன்றிரவு என் சாம்பல் பையை வெறுமையாக்கிக் கழுவிக் காயப்போட்டேன். அடுத்தநாள் பின்னேரம் கொட்டிலில் அவரோடு தனியே நின்றபோது நீட்டினேன்.

"நானா, இத நீங்க வச்சிருங்கோ. எனக்கு உரப்பை காணும்."

அவர் வாங்கினார். சிப்பை இழுத்து முழுதாகத் திறந்து, உள்ளே இருந்த சின்னச் சின்ன அறைகள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து ஒருதரம் உதறினார். கொக்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிப்பைப் பூட்டி, நான் நீட்டிய மாதிரியே இரண்டு கையாலும் திருப்பி நீட்டினார்.

"நல்ல பாக். வேணாம் தம்பி."

"ஏன் நானா?"

"வழியில மறிச்சு இது ஆர்ட எண்டு கேட்டா, நான் உங்கட பேரச் சொல்லிடுவன். எனக்கு, 'தெரியாது' எண்டு சொல்ல வராது. உங்களுக்கு அது சரிவராது."

சொல்லிவிட்டுச் சொப்பிங் பேக்கைச் சைக்கிள் கைபிடியில் மாட்டினார். அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி, துவாய், கொப்பி, போத்தல்கள். வாசலில் காவல்காரன் கைகாட்டமுதலே இறங்கி, பையின் வாயை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்துக் காட்டினார். அவன் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பாலாவிப் பக்கம் திரும்பும்வரை கொட்டிலிலேயே நின்றேன்.